உன் மகளின் டப்பாவில் யாரும் கை வைக்கவில்லை

என் கண்ணு மல்லிகா,

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. வழக்கமாக நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் மகள் கவிதாதான். இதை மட்டும் அவளிடம் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண் எழுதுகிறாள்.

நீ கண்ணை மூடி மூன்று வருஷம். கவிதா ஒன்பதாவது வந்துவிட்டாள். மத்தியானம் ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை வைத்துச் சாப்பிடுவார்களாம். போன பௌர்ணமிக்கு மலை சுற்றியபோது, அடி அண்ணாமலையில் அன்னதான வரிசையில் நின்று புளியோதரை வாங்கினேன். பிரசாதமாச்சே என்று மறுநாள் அவள் டப்பாவில் வைத்துவிட்டேன்.

"ஏய், இது உங்க தாத்தா க்யூல நின்னு வாங்கினதுதானே? நாங்க பாத்தோம். உங்க வீட்ல சோறே பொங்க மாட்டீங்களாடி?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கவிதா தனியாகச் சாப்பிட்டாள்.

எனக்குப் புரியவில்லை மல்லிகா. அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் அதே வரிசையில் எனக்குப் பின்னால் மூன்றாவதாக நின்றார்கள். அவருக்குப் பச்சைக் கட்டம் போட்ட சட்டை. தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாப்பிட்டார். அவர் வாங்கினால் பிரசாதம், நான் வாங்கினால் இல்லையா?

போன வாரம் கவிதா சிரித்துக்கொண்டே வந்தாள். "என்னை மறுபடி சேத்துக்கிட்டாங்க தாத்தா!"

"எப்டிம்மா?"

"கீழ்பென்னாத்தூர்லேர்ந்து புதுசா ஒருத்தி வந்திருக்கா. தெனமும் களிதான் எடுத்துட்டு வரா. நான் அவளுக்கு 'களி உருண்டை'னு பேர் வச்சேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. உடனே தள்ளி உக்காந்து எடம் குடுத்தாங்க."

"அந்தப் பொண்ணு எங்க சாப்ட்டுது?"

சிரிப்பு நின்றுவிட்டது. "குழாயாண்ட. தனியா." டப்பாவைக் கழுவ எடுத்துக்கொண்டே, "நான் வேற என்ன தாத்தா பண்றது?" என்றாள்.

நான் என்ன சொல்லட்டும்? அவள் வட்டத்தில் சேர்ந்ததற்குச் சந்தோஷப்படுவதா, சேர்ந்த விதத்துக்கு வருத்தப்படுவதா? நீயும் எட்டாவதில் ஒருநாள் அழுதுகொண்டு வந்தாய். மஞ்சள் ரிப்பன், ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. "யாரும் எங்கூட பேசலப்பா" என்றாய். "பேசாட்டி போறாங்க, படிப்பைப் பாரு" என்றேன். அதற்கப்புறம் நீ பள்ளிக்கூடத்துக் கதை எதையும் என்னிடம் சொன்னதில்லை. அன்று உனக்கு என்ன நடந்தது மல்லிகா? நான் ஏன் கேட்கவில்லை?

இன்று காலை டப்பா கட்டும்போது, "இன்னும் ரெண்டு கரண்டி வை தாத்தா" என்றாள்.

"யாருக்கும்மா?"

செருப்பை மாட்டப் போய்விட்டாள். வட்டத்துக்கா, குழாயடிக்கா, தெரியவில்லை. அழுத்தி அழுத்தி வைத்தேன். மூடி மூடவே மாட்டேன் என்றது.

சாயங்காலம் அவள் வருவாள். என்ன சொன்னாலும், எவ்வளவு நேரம் சொன்னாலும், முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பேச்சைப் பாதியில் நிறுத்திய
உன் அப்பா