சேர்க்கை எண் 47-க்கான விருதுக் கடிதம் என் வீட்டுக்கு வந்தது பற்றி

அனுப்புநர்:
முதலாண்டோடு படிப்பை விட்ட மாணவி,
தற்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவர்,
பேருந்துப் பணிமனைக்கு எதிர்த் தெரு.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம், இரண்டாம் தளம்.

பொருள்: சிறந்த முன்னாள் மாணவி விருதுக் கடிதம் தவறான முகவரிக்கு வந்தது – உரியவருக்கு அனுப்பக் கோருதல் – நான் படித்த ஓராண்டுக்குச் சான்று வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் பத்தாம் தேதி தங்கள் முன்னாள் மாணவர் பிரிவிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையில் பெயர் இல்லை. ‘கட்டுமானப் பொறியியல், சேர்க்கை எண் 47’ என்று மட்டும் இருந்தது. திருமணத்துக்குப் பிறகு பெண்களின் பெயர் மாறிவிடுகிறது என்று எண்ணை மட்டும் அச்சிடுவது தங்கள் அலுவலக வழக்கமாம். உள்ளே, தொழிலில் ஆற்றிய சிறப்பான பணிக்காக இந்த ஆண்டின் விருது தங்களுக்கே, குடும்பத்துடன் வருக என்று எழுதியிருந்தது. என்ன பணி என்று ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் இந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது.

2. கடிதத்தைப் பிரித்தவர் என் அப்பா, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். நான் கடையிலிருந்து திரும்புவதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. பத்து ஜெராக்ஸ் எடுத்துவிட்டார். அதில் ஒன்று முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.

3. அன்று மாலை நானும் நம்பினேன். ஏழு வருடமாக விடுமுறை நாட்களில் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பார்வை அளந்து வருகிறேன். யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கவனித்து எழுதிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் மனுவில் மறைக்கக் கூடாது.

4. மறுநாள் எந்தப் பணிக்கு விருது என்று தொலைபேசியில் கேட்டேன். எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார். “நாப்பத்தேழு, பாலம் கட்டுற மேடமாச்சே. நீங்க யாரு?” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று முறை நேரில் வந்தேன். விருதுப் பிரிவு சேர்க்கைப் பிரிவைக் கைகாட்டியது. சேர்க்கைப் பிரிவு தேர்வுப் பிரிவைக் கைகாட்டியது. தேர்வுப் பிரிவில் சாப்பாட்டு நேரம். உட்காரச் சொன்ன பெஞ்சில் என்னால் உட்கார முடியவில்லை. படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததில் காவலாளி இரண்டு முறை அடையாள அட்டை கேட்டார்.

5. மூன்றாம் முறை பதிவேட்டைக் காட்டினார்கள். முதலாண்டில் எல்லாத் தாள்களிலும் தேறிய பிறகு, அம்மா பக்கவாதத்தில் படுத்ததால் அப்பா என்னை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். காலியான என் இடத்தில், பாலிடெக்னிக் முடித்த ஒரு மாணவி நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறார். எண்ணை வீணாக்குவானேன் என்று, என் பெயர்மேல் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை ஒட்டி அவர் பெயரை எழுதியிருக்கிறார்கள். முகவரிக் கட்டத்தில் ஒட்ட மறந்துவிட்டார்கள். ஆக, பதினெட்டு வருடமாக அவர் பெயரும் என் வீடும் ஒரே வரியில் குடித்தனம் நடத்துகின்றன. துண்டின் ஓரம் லேசாகப் பிரிந்திருந்தது. நகத்தால் தூக்கிப் பார்க்கப் போனேன், எழுத்தர் பதிவேட்டை மூடிவிட்டார். கணினியில் என் பெயர் இல்லை, ஆகவே நான் அங்கே படித்ததாகச் சொல்ல வழியில்லை என்றார். ஒரு வருடம் விடுதிச் சாப்பாட்டுக்குத் தட்டேந்தி வரிசையில் நின்றவளுக்கு இதைக் கேட்டால் கோபம் வராதா, ஐயா?

6. அந்தப் பொறியாளர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கட்டிய பாலங்களின் படங்களைத் தங்கள் அலுவலகச் சுவரில் பார்த்தேன். பார்த்தபடி நின்றுவிட்டேன். பொறாமையே இல்லை என்றால் அது பொய். ஆனால் விருது அவருடையது. விழாவுக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது. அவருக்கு இன்னும் கடிதம் போய்ச் சேரவில்லை.

7. ஆகவே, அவருக்கு இன்றே கடிதம் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய மதிப்பெண் கட்டுகள் பரணில் கிடப்பதாகக் காவலாளி சொன்னார். அவற்றைப் பார்த்து, நான் ஓராண்டு படித்துத் தேறினேன் என்று ஒரு சான்று தர வேண்டும். திருத்தக் கடிதம் எதையும் தயவுசெய்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கடை முகவரியை மேலே கொடுத்திருக்கிறேன்.

8. வீட்டுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. கடிதம் வந்த அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, “உன்னப் பாதியில கூட்டிட்டு வந்தது தப்பாப் போயிடலம்மா” என்றார். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. இந்தப் பேச்சை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. இத்தனை வருடம் இதை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. இப்போது தினமும் விழாச் சட்டையை எடுத்துப் பார்க்கிறார், எந்தப் பேருந்து சீக்கிரம் போகும் என்று பழைய கூட்டாளிகளிடம் விசாரிக்கிறார். நான் சொல்ல வாயைத் திறக்கிறேன், தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.

9. அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவள் நான். விருது வராவிட்டாலும் ஒன்றும் தப்பாகப் போய்விடவில்லை என்றும் சொல்லியாக வேண்டும். சில நாள் அதை நான் நம்புகிறேன். சில நாள் எனக்கே தெரியவில்லை. அதனால்தான் கையில் ஒரு தாள் வேண்டும் என்று கேட்கிறேன். விழாவுக்கு முன் கிடைக்க ஆவன செய்யுங்கள், ஐயா.

நாள்: விழாவுக்குப் பதினோரு நாள் முன்பு
இடம்: கடை, மதிய இடைவேளை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)

இணைப்பு: விருதுக் கடிதத்தின் நகல். மூலம் அப்பாவிடம் இருக்கிறது, கேட்க முடியவில்லை.