துண்டுக்கடியில் ஒரு கை

அன்புள்ள ஷைனிக்கு ஸ்தோத்திரம். முதுகுவலி தேவலையா? நான் சுகம்.

அய்யலூர் ஆட்டுச்சந்தையில் சுவிசேஷம் சொன்னேன். காமராஜ் என்ற தரகர் முழுசும் கேட்டுவிட்டு, "ரட்சிப்பு இலவசம்ங்கிறீக. சும்மா குடுக்கிற ஆட்டுக்குச் சீக்கு இருக்கும்ல, பாஸ்டரய்யா?" என்றார்.

இங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். அவர் துண்டைப் போட்டு உள்ளே கையை நீட்டினார். "எனக்கு மட்டும் உண்மையான விலையச் சொல்லுங்க."

விலையே இல்லை என்பதற்கு எந்த விரலைப் பிடிப்பது? முழுக் கையையும் பிடித்துக்கொண்டேன்.

"அஞ்சு! அப்ப விலை இருக்குல்ல?" என்று கையை உதறினார். விற்க ஏதோ வைத்திருக்கிறேன் என்று நினைத்து, சுற்றி நின்றவர்கள் என் வேதாகமப் பையையே முறைத்தார்கள். சண்டை ஒன்றுமில்லை, பயப்படாதே.

தம்பி ரொனால்டு இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. பஸ் வந்துவிட்டது. சிரிக்காதே, ஷைனி: அவராக உதறும்வரை அந்தக் கையை விட எனக்கு மனசே வரவில்லை.

உன் ஜெபசிங்