பாம்பே பி, பாரிஸ் பி

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. குழந்தை அன்பரசி இப்போதுதான் தூங்கினாள். தூங்கிய பிறகும் இரண்டு தடவை எழுந்து போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். சூடு இல்லை. இருந்தாலும் இன்னொரு தடவை பார்க்கத்தான் போகிறேன். நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

சாயங்காலம் என் கைப்பையைத் தரையில் கவிழ்த்துவிட்டு எதையோ வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். பதறிப்போய் விரலை விட்டு இழுத்தால், நம் பல்கலைக்கழக நூலகத்துப் பழைய புத்தகப் பட்டியல் அட்டை. கீழே கம்பி நுழைகிற ஓட்டையோடு இருக்குமே, அந்தப் பழுப்பு அட்டைதான். ஒரு மூலை எச்சிலில் ஊறிப் போயிருந்தது. மேல் ஓரத்தில் உன் கையெழுத்து அப்படியே இருக்கிறது: சி, ஏ, என், கே, ஏ, எம். துடைத்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்திருக்கிறேன். பழைய பசையும் தூசும் கலந்த அந்த வாசம் அறை முழுக்க வருகிறது. அதற்கு மேல் தூக்கம் எங்கே வரும்?

தூங்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குப் பழைய மெயில் சர்வரை நிறுத்துகிறோம். புதியதில் யாருக்குக் கணக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பட்டியல் போடும் வேலை என்னுடையது. ஓய்வு பெற்றவர்கள், மாற்றலாகிப் போனவர்கள் எல்லாரும் 'வேண்டாம்' பக்கத்தில் இருக்கிறார்கள். உன் பெயரை மட்டும் எந்தப் பக்கமும் எழுதாமல் வைத்திருக்கிறேன். ஒரு வருடத்துக்கு மேலாக இப்படியே தள்ளிக்கொண்டு வந்தேன். நாளைக்குத் தள்ள முடியாது.

மாடிப்படிக்குப் பின்னால் இருந்த நம் கணினி அறைக்கு நான் முதன்முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? செருப்போடு உள்ளே வந்துவிட்டேன். "ஏய், கழட்டிட்டு வாடி. இந்த ஏசி நமக்குப் போடல, மிஷினுக்குப் போட்டது. நாம அதோட விருந்தாளி" என்றாய். நீ என்னைவிட இரண்டே வயது மூத்தவள். வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, முகம் கூடக் கழுவாமல் மானிட்டரைத் துடைப்பாய். நான் பழங்காநத்தத்திலிருந்து உட்கார்ந்து வந்தும் களைத்துப் போயிருப்பேன்.

அட்டைகளையெல்லாம் கணினியில் ஏற்றுவதுதான் அப்போது நம் வேலை. அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். அங்கே ஆரம்பித்தது நம் சண்டை. வாயில் வருகிற மாதிரி அடிக்க வேண்டும் என்பது என் கட்சி. நூலக விதிப்படி, ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரே ஆங்கில எழுத்துதான் என்பது உன் கட்சி. ச எங்கே வந்தாலும் சி. ப எங்கே வந்தாலும் ஒரே பி. ஆங்கிலத்தில் இரண்டு பி இருப்பதும், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரிவதும் நமக்குப் பெரிய தொந்தரவு. அதனால் ஒன்று பாம்பே பி, இன்னொன்று பாரிஸ் பி என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

"தமிழ்ல எத்தன ப இருக்கு? ஒண்ணு. அப்ப பாரிஸ் பி மட்டும் போதும். பாம்பே பி-க்கு நம்ம லைப்ரரில வேலை இல்ல."

"தேடுற அம்புட்டுப் பேரும் பாம்பே பி போட்டுத்தான தேடுறாங்க?"

"அம்புட்டுப் பேரும் தப்பாத் தேடுனா அது சரியாயிருமா?"

இப்படி எத்தனை டீ ஆறிப்போயிருக்கும்!

ஒருநாள் தமிழ்த்துறை ஆய்வு மாணவர் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். "மேடம், சங்க இலக்கியம்னு அடிச்சா ஒரு புஸ்தகம்கூட இல்லைங்குது." வாசலில் நின்ற நம் உதவியாளர் பாண்டி அண்ணன் கையை உதறினார். "கேட்டீங்களா கூத்த! சங்கம் வளத்த ஊருல சங்கம் இல்லையாம்ல. தம்பி, இத திண்டுக்கல்காரன் காதுல போட்டுறாதீங்க, நம்மள உண்டு இல்லைன்னு பண்ணிருவான்." நீ அசரவில்லை. "எல்லாம் இருக்குண்ணே. எஸ் போடக் கூடாது, சி போடணும். அஞ்சாவது எழுத்து... இல்ல, நாலாவது எழுத்து கே." அவர் அடித்துப் பார்த்துவிட்டு, "இது கங்கம்னுல்ல மேடம் வருது?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அன்று சாப்பாட்டு நேரம் வரை நீ என்னோடு பேசவில்லை. அப்புறம் உன் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சோற்றை என் மூடியில் வைத்துவிட்டு, "கங்கமாம் கங்கம்" என்று நீயும் சிரித்தாய்.

அதற்குப் பிறகுதான் இணையத்தில் ஆய்விதழ்கள் வந்தன. அதுவரை ஒரு கட்டுரை வேண்டுமென்றால் வெளியூர் நூலகத்துக்கு எழுதிப் போட்டு, நகல் வரும்வரை மாதக் கணக்கில் காத்திருப்பார்கள். திடீரென்று உலகத்து இதழ்களெல்லாம் நம் மேஜைக்கு வந்துவிட்டன. வேதியியல் பெண்ணொருத்தி திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "மேடம், இதையெல்லாம் சும்மா படிச்சா யாரும் திட்ட மாட்டாங்கல்ல?" என்று கேட்டாளே, அவளை நினைத்து நீ இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாய். தினமும் காலை ஒன்பதே காலுக்கு ஒவ்வோர் இதழாகத் திறந்து பார்ப்பாய். ஒன்று திறக்காவிட்டாலும் உன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவேன். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலே வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவேன். நீ குனிந்து ஏதோ ஒரு ஒயரைப் பிடுங்கிச் செருகிவிட்டு நிமிர்வாய். "இம்புட்டுத்தான்! இதுக்குப் போயி மூஞ்சிய இப்பிடி வச்சிருந்த?"

எல்லாவற்றுக்கும் உனக்கு அந்த ஒரு சொல்தான். எனக்கு வாந்தி நிற்காத மாதங்களிலும் அதையேதான் சொன்னாய். "இன்னும் நாலு மாசம். இம்புட்டுத்தான்."

பிரசவ விடுப்பில் போகிற அன்று கேட்டேன், உனக்கு ஏதாவது அவசரம் என்றால் நூலகச் சர்வருக்கு யார் என்று. அதன் பாஸ்வேர்ட் உனக்கு மட்டும்தான் தெரியும்.

"நான் எப்பவும் சொல்றதுதாண்டி பாஸ்வேர்டு."

"இம்புட்டுத்தானா? எழுதிக் குடேன்."

"பாஸ்வேர்ட யாராச்சும் எழுதிக் குடுப்பாங்களா? பயந்தாங்கொள்ளி, போ. போயி பிள்ளையப் பெத்துட்டு வா."

குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது உனக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாய். நான் வருகிறேன் என்றதற்கு, "பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு இங்கன வராத. ஒட்டிக்கிட்டா என்ன செய்வ? திங்கக்கிழமை நானே வாரேன்" என்றாய். அந்த வாரம்தான் பேர் வைத்துப் பதிந்திருந்தோம்; என்ன பேர் என்று கேட்டாய். அன்பரசி என்றேன். "பாரிஸ் பி போடுறியா?" "பிறப்புச் சர்டிபிகேட்ல பாம்பே பி போட்டாச்சு." "போச்சு. நாளைக்கு நம்ம லைப்ரரில தேடுனா பிள்ள கெடைக்க மாட்டா." மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாய். நான் அந்தச் சிரிப்பை நம்பிவிட்டேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள், பயப்பட வேண்டிய அந்த ஒரு முறை மட்டும் பயப்படாமல் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமைக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றும் நான் வரவில்லை. கைக்குழந்தையோடு போகக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். நானும் எதிர்த்துப் பேசவில்லை. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான். இப்போது சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். அந்த வாரமே பல்கலைக்கழகத்துக்குப் புது இணைய இணைப்பு வந்தது. வீட்டுக் கதவு எண் மாதிரி நம் வளாகத்துக்கு ஓர் எண் உண்டல்லவா, அது மாறிவிட்டது. எல்லா ஆய்விதழ்களும் நம்மை யாரோ என்று கதவைச் சாத்திவிட்டன. இதழ்களுக்கு வழிவிடுவதும் நம் புத்தகப் பட்டியல் இருப்பதும் ஒரே சர்வர்தான்; புது எண்ணை அதற்குள் போய் மாற்ற வேண்டும். உள்ளே போக உன் பாஸ்வேர்ட் வேண்டும். சர்வர் கம்பெனிக்காரர் போனில் சொன்னார், பாஸ்வேர்ட் இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டியதுதான் என்று. நகல் எடுத்து வைத்த சி.டி.யைப் பார்த்தேன். சி.டி. எழுதும் கருவி பழுதாகி, கடைசி ஐந்து மாதம் நகலே எடுக்கவில்லை. அழித்தால், நீ கடைசியாக உட்கார்ந்து ஏற்றியது அத்தனையும் போய்விடும்.

"அஞ்சு தடவதாம்மா அடிக்கலாம். அதுக்கு மேல பூட்டிக்கிரும்" என்றார் நூலகர். "இல்லேன்னா நாளைக்கு கம்பெனிக்காரங்கள வரச் சொல்லிர்றேன். பசங்க வாசல்ல நிக்கிறாங்க, பாத்தேல்ல?"

உன் சொல்லை அடித்தேன். திறக்கவில்லை. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி அடித்தேன். இல்லை. ஒரு டி-யைக் குறைத்துப் பார்த்தேன். அதுவும் இல்லை. நாலாவது முறைக்குத் தைரியம் வராமல் வெளியே வந்துவிட்டேன்.

நடைகூடத்தில் பழைய அட்டைப் பெட்டிகள் நின்றன. கணினியில் ஏற்றும் முன்பு ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் ஆங்கிலத்தில் எழுதி, அந்த வரிசைப்படி நீ அடுக்கியவை. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. நாம் சண்டை போட்ட சங்கத்தையே எடுக்கலாம் என்று எஸ் இழுப்பறையைத் திறந்தேன். அங்கே சங்கம் இல்லை.

தனியாக நின்று சிரித்தேன். அந்த மாணவர் செய்த தப்பையே நானும் செய்திருக்கிறேன். அப்புறம்தான் உறைத்தது. உள்ளேயும் அதையேதான் செய்துவிட்டு வந்திருக்கிறேன்! உன் சொல்லை என் எழுத்தில் அடித்திருக்கிறேன். பாம்பே பி போட்டிருக்கிறேன். நீ செத்தாலும் பாம்பே பி போட மாட்டாயே.

சி இழுப்பறையிலிருந்து அந்த அட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன். பாரிஸ் பி. எச் கிடையாது, அந்த இடத்தில் இன்னொரு டி. உன் கணக்கிலும் பதினோரு எழுத்து, என் கணக்கிலும் பதினோரு எழுத்து, வேறுபட்டது இரண்டே இரண்டு. திறந்துகொண்டது.

"என்ன தங்கச்சி, தெறந்துருச்சா?" என்றார் பாண்டி அண்ணன்.

"இம்புட்டுத்தாண்ணே" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் வாசலில் நின்றவர்களிடம் போய், "பத்து நிமிசம் பொறுங்கப்பா, எல்லாம் வந்துரும்" என்று சத்தம் போட்டார்.

எண்ணை மாற்றினேன். இதழ்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அன்றைக்கே நகல் எடுத்துவிட வேண்டும் என்று உன் கடைசிப் பதிவுகளைத் திறந்தால், ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் புதிதாக ஒரு வரி. என் எழுத்தில். பாம்பே பி, எஸ், எச் எல்லாம் போட்டு, ஜனங்கள் எப்படித் தேடுவார்களோ அப்படி. எப்போதிருந்து என்று தேதியைப் பார்த்தேன். நான் விடுப்பில் போன மறுநாளிலிருந்து. ஏ-யில் ஆரம்பித்து, உனக்குக் காய்ச்சல் வந்த வெள்ளிக்கிழமை வரை. பாரிஸ் பி வரிசையில் பாதியில் நின்றிருக்கிறது. என் முன்னால் ஒருநாளும் விட்டுக் கொடுக்காதவளே, இதை ஒரு வார்த்தை போனில் சொல்லியிருக்கக் கூடாதா?

மீதியை நான் செய்கிறேன். காலை ஒன்பதே காலுக்கு இதழ்களைத் திறந்து பார்க்கிறேன், அப்புறம் பத்துத் தலைப்பு. இப்போது டி வரிசை. நேற்று 'தமிழ்' வந்தது. அந்தச் சொல்லை மட்டும் ஊரே எச் இல்லாமல்தான் எழுதும், உனக்கும் எனக்கும் ஒரே எழுத்துகள்தான். சேர்க்க ஒன்றுமே இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் கணக்கை ஏன் மூடவில்லை என்று நூலகர் கேட்கும்போதெல்லாம், "டெஸ்டிங்குக்கு வச்சிருக்கேன் சார்" என்பேன். பொய்தான். அந்த வெள்ளிக்கிழமை கிளம்பும்போது தானாகப் பதில் போகும்படி நீ ஒரு வரி அமைத்துவிட்டுப் போனாய். மனசு சரியில்லாத நாளில் உன் முகவரிக்கு ஒன்றும் எழுதாமல் ஒரு மெயில் அனுப்புவேன். உடனே வரும்: "விடுப்பில் இருக்கிறேன். திங்கட்கிழமை வந்ததும் பதில் எழுதுகிறேன்." ஆங்கில எழுத்தில் தமிழ். எல்லாம் பாரிஸ் பி.

நாளைக்குப் பட்டியலில் உன் பெயரை 'வேண்டாம்' பக்கம் எழுதிவிடுவேன். அதற்கு முன்னால் உனக்கு இரண்டு வரி அனுப்பப் போகிறேன். அன்பரசி நடக்கிறாள். அவள் பெயரை ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன், மேலே உன் எழுத்து, கீழே என் எழுத்து. எப்படித் தேடினாலும் கிடைப்பாள்.

குழந்தை புரளுகிறாள். போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கிறேன். ஒன்பது மணிக்கு அனுப்புவேன். பத்து மணி வரைதான் சர்வர் ஓடும். சீக்கிரம் பதில் போடு.