மடி விட்ட நாலு கிடேரிகள்

ஃப்ரீஸ்லாந்து,
ஜூன் 14

அன்பு மகள் ஹிஸ்கேவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நாற்பது மாடுகளும் நலம், என் மானத்துக்குத்தான் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

அக்டோபரில் உன் கல்யாணத்துக்கு நாங்கள் வருவது, பக்கத்துப் பண்ணை அவ்கே மூன்று வாரம் நம் மாடுகளைக் கறந்து தருவதாகச் சொன்ன வாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உன் அம்மாவே அறுக்கப் பார்த்தாள். போன மாதம் நம் இளங்கிடேரிகள் நாலுக்கும் திடீரென்று மடி விட்டது, கன்று போடப்போகிற மாடுபோலப் பெருத்து. இன்னும் சினை ஊசியே போடாதவை. முப்பது வருஷம் பால் கறந்தவள் இல்லையா, பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: அவ்கேயின் காளை வேலி தாண்டியிருக்கிறது, நாலும் சினை. "மொதல்ல டாக்டரக் கூப்பிடு பௌக்யே" என்றார் அப்பா. நான் கேட்பேனா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஊரே காப்பிக் கோப்பையோடு நிற்கையில், "என்ன அவ்கே, உங்க காளைக்கு எங்க பண்ணைதான் மாமியார் வீடா?" என்று கேட்டுவைத்தேன். மனிதர், "அந்தக் கிழத்துக்கு எந்திரிச்சு நிக்கவே அரை மணி நேரம் ஆவுது, அது வேலி தாண்டி நாலு கல்யாணம் பண்ணிச்சாக்கும்? உன் மாட்ட நீயே கறந்துக்க" என்று கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு டாக்டரம்மா வந்து ஸ்கேன் பார்த்தாள். "உள்ள ஈ காக்கா இல்ல பௌக்யேம்மா. சினையானா ஒடம்புல சுரக்குற ஹார்மோன்தான் மடிய வளக்கும். அதே மாதிரி வேஷம் கட்டுற சரக்கு ஒண்ணு இதுங்க மேயுற சிவப்பு க்ளோவர் தழையில இருக்கு, மடி ஏமாந்துபோச்சு. மேய்ச்சல மாத்துங்க, தானா வத்திடும்" என்றாள். அந்த க்ளோவரை விதைத்தது யார்? நான். அதன் பெருமையைச் சங்கக் கூட்டத்தில் கால் மணி நேரம் முழங்கியது யார்? அதுவும் நான். "கொஞ்சம் புல்லும் கலந்து போடு" என்று அன்றைக்கே சொன்னது யாரென்று நினைக்கிறாய்? அவ்கே.

மன்னிப்புக் கேட்க மூன்று தடவை சைக்கிளில் கிளம்பி, எதிர்க்காற்று என்று மூன்று தடவையும் திரும்பிவிட்டேன். நாலாம் நாள் காலையில் பார்த்தால், குழந்தை பிறந்த வீட்டில் நடுவார்களே அந்த மர நாரை, நம் வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. டாக்டரம்மா அவர் காதிலும் போட்டிருக்கிறாள்; பலகையில் அவ்கேயின் கோணல் எழுத்து: வாழ்த்துகள், தகப்பன் பெயர் க்ளோவர். நாரை நின்றால் வருகிறவர்களுக்குச் சோம்பு மிட்டாய் தூவிய ரொட்டி கொடுத்தாக வேண்டுமே. ஊரே வந்து தின்றது, ஒவ்வொருவருக்கும் கதையை நானே சொன்னேன். கடைசியில் அவ்கே வந்து, கிடேரிக்கு ஒன்றாக நாலு ரொட்டி எடுத்துக்கொண்டார். தப்பு என்னுடையதுதான் என்றேன். வாய் நிறைய ரொட்டியோடு, "அது ஊருக்கே தெரியும். அக்டோபர்ல காலைக் கறவை அஞ்சுக்கா, அஞ்சரைக்கா?" என்றார்.

ஆகவே வருகிறோம். மடிகளும் வற்றிவிட்டன. கர்த்தர் உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒன்று மறக்காதே, உன் மாமியாரிடம் இந்தக் கதையை நீ சொல்லாதே. நானே வந்து சொல்கிறேன். நீ சொன்னால் என்னைக் கொஞ்சம் புத்திசாலியாகக் காட்டிவிடுவாய்.

உன் அம்மா,
பௌக்யே