ராசு வீட்டுக் கறிச்சோறு

மாசி 9, ஞாயிறு

எனக்கு முடக்குவாதம் வந்த இந்த இரண்டு வருடமாகக் காலையில் வாய்க்கால் கரையில் என் வேகத்துக்கு மெதுவாகக் கூடவே நடக்கிறவன் ராசு. இன்று அவன் மகளுக்குக் காதுகுத்து. காலனியில் இருக்கும் அவன் வீட்டுக்கு முதல் முறையாகப் போனேன். பந்தியில் ஆட்டுக்கறியும் எண்ணெய் மிதக்கும் குழம்பும். இரண்டுமே எனக்கு ஆகாது. தின்றால் மறுநாள் முட்டி வீங்கி, எழுந்து நிற்கவே மதியம் ஆகிவிடும்.

"சாப்பாடு வேணாம்மா. டாக்டர் கூடாதுன்னுட்டாரு" என்றேன்.

ராசுவின் அம்மா சிரித்தார். "உங்கப்பாவும் இங்கன வந்தா வாசலோட போயிருவாக. அவுகளுக்கும் டாக்டருதான் சொன்னாகளா தம்பி?"

"ஆத்தா, சும்மா இரு. நெசமாவே சீக்கு" என்றான் ராசு.

அந்தம்மா நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? எங்கள் தெருக்காரன் எவன் அங்கே கை நனைத்திருக்கிறான்? சாதி பார்ப்பவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று அவர் கண்ணுக்கு நானும் அப்பாவும் ஒன்று.

புரண்டு புரண்டு படுத்துவிட்டு எழுந்து இதை எழுதுகிறேன். தண்ணீருக்குப் பத்தியம் கிடையாது. ஒரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்திருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.