பூத்தும் காய்க்காத எங்கள் கர்க் கொடிகள்

அனுப்புநர்
பெரினா ஷெஸ்தான்,
லும்பார்தா,
கோர்ச்சுலா தீவு.

பெறுநர்
நிலப் பயன்பாட்டு அலுவலர் அவர்கள்,
கோர்ச்சுலா.

பொருள்: திராட்சைத் தோட்டத்தைத் 'தரிசு' எனப் பதிய வேண்டாமெனக் கோரும் மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முந்தைய இரு மனுக்களுக்கும் பதில் வரவில்லை. இதற்கும் வராது என்கிறார் என் கணவர் ஃபிராங்கோ. ஆயினும் எழுதுகிறேன்.

2. கடலோர மணல் நிலத்தை எங்கள் தந்தை இரண்டாகப் பிரித்தார். கர்க் வெள்ளைத் திராட்சை எனக்கு. அதை ஒட்டிய கருந்திராட்சை தம்பி விட்சேவுக்கு. கர்க் பூ பெண்பூ மட்டுமே என்பது தாங்கள் அறிந்ததே. பக்கத்துக் கருந்திராட்சையின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் காய் பிடிக்கும்.

3. சென்ற குளிர்காலத்தில் தம்பி தன் பங்கை விடுதிக்காரர் ஒருவருக்கு விற்றான். கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்தார்கள். சந்தையில் அவனைக் கேட்டேன். "உன் கொடிக்கெல்லாம் ஆயுசு பூரா நானே மாப்பிள்ளை வளர்த்துக்கிட்டு இருக்கணுமாக்கா?" என்றான். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது.

4. வசந்தத்தில் எங்கள் வரிசைகளிலேயே இடையிடையே கருந்திராட்சை ஒட்டுக் கட்டினோம். அவை நன்றாகப் பூக்க இரண்டு ஆண்டாவது ஆகும். அதுவரை சும்மா இருக்க மனமின்றி, மலைச்சரிவுத் தோட்டங்களில் கருந்திராட்சைப் பூங்கொத்துகள் கேட்டு வாங்கி வந்து கர்க் பூக்களின் மேல் உதறினோம். தென்காற்று மழையோடு வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டது. மிஞ்சியவை மிளகளவுக் காய்கள்.

5. ஆய்வுக்கு வந்த அலுவலர் காரைவிட்டு இறங்கவில்லை. "இலை பச்சைப்பசேல்னு இருக்கு, காயைத்தான் காணோம். வயசாயிருச்சு, தோட்டத்தைப் பார்த்துக்க முடியலன்னு ஒத்துக்கோங்க அத்தை" என்று சொல்லி, தரிசு எனக் குறித்து, பலகை நட ஆள் வரும் என்றுவிட்டுப் போனார். தரிசானால் அது வீட்டுமனையாகும் என்று விடுதிக்காரர் விலை பேச வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

6. தம்பியின் கொடிகளை இனி எவராலும் திருப்பித் தர இயலாது. அதை நான் கேட்கவில்லை. ஒட்டுக்கொடிகள் பூக்கும்வரை 'தரிசு' என்ற சொல்லை நிறுத்திவைக்குமாறு வேண்டுகிறேன். என் கணவருக்கு மருத்துவர் அவ்வளவு காலம் சொல்லவில்லை. அவர் இன்னும் தினமும் கொடிகளைக் கவாத்து வெட்டப் போகிறார். ஆகவே, என் கோரிக்கையை ஏற்க இயலாதெனில், 'தரிசு நிலம்' என்ற பலகையையாவது அவர் காலத்துக்குப் பின் நடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: லும்பார்தா
நாள்: நவம்பர் 19

பணிவுடன்,
பெரினா ஷெஸ்தான்