கோடு தாண்டிய கணக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய்தானே? இங்கே இரண்டு பேரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. அப்பாவுக்கு இரண்டு வாரமாக அடுக்குத் தும்மல், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் காலையில் பள்ளி வேனை எடுத்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்க நானும் முன் சீட்டில் போகிறேன் அல்லவா, வண்டி லேசாக அலைவதுபோல் பட்டது. உன் ஆய்வுக்கூடத்தில் ஆட்களுக்கு இந்த மாதிரி மாத்திரை கொடுத்து, திரைக்கு முன்னால் போலிக் காரை ஓட்டவிட்டு, ரோட்டுக் கோட்டை எத்தனை முறை தாண்டுகிறார்கள் என்று எண்ணுவதாகச் சொன்னாயே, நானும் எண்ணினேன். முதல் நாள் பதினான்கு. மறுநாள் மாத்திரையை மறந்துவிட்டார், மூன்றுதான். "பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க உங்க ஓட்டத்துக்கு?" என்று நீ அவர்களிடம் கேட்பதுபோலவே அப்பாவிடம் கேட்டேன், இரண்டு நாளும் ஒன்பது என்றார். பொய் இல்லையடி, அவருக்கே தெரியவில்லை.

ஆறாம் நாள் பேக்கரித் திருப்பத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் குறுக்கே வந்தாள். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. பின்னால் பதினொரு பிள்ளைகளும் ஒரே அலறல். அப்பாவோ, "அதான் நிறுத்திட்டேனே, ஏன் இப்படி நடுங்குறே?" என்றார். வீட்டுக்கு வந்து, நாள்வாரியாக எண்ணி எழுதிவைத்த தாளைக் காட்டினேன். "கட்டினவளே வேவு பாக்குறியா?" என்று கத்தினார். பிறகு தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார், சாவியை என் கையில் வைத்துவிட்டு டாக்டரிடம் போனார். இப்போது மாத்திரை வேறு, வேனை அவருடைய கூட்டாளி ஓட்டுகிறார்.

என்னை அரிப்பது வேறு. மாத்திரைதான் காரணம் என்று இரண்டாம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்றிரண்டு நாள் கணக்கை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று நீ சொன்னது நினைவில் இருந்தது, அவரும் ஆதாரம் இல்லாமல் ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால் எண்ணிக்கொண்டே இருந்தேன், பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு. உன் போலிக் கார் மோதினால் திரையோடு போச்சு. நேற்று அந்தப் பிள்ளைகளின் வீடு வீடாகப் போய் உள்ளதைச் சொன்னேன். ஒரு தாய் கதவைச் சாத்திவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணு. சோதனைக்கு வருகிறவர்களை மருந்தின் வேகம் இறங்கும்முன் தனியாக வண்டி எடுக்க விடாதே, நீயே கூடப்போய் வீட்டில் விட்டுவிட்டு வா. ஒரு குறையும் இல்லாமல் நல்லா இரு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா